நடக்கத் தெரிந்தவர்க்கு ‘வாக்கிங்’ எதற்கு?

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளன்று மயிலைக் கபாலீச்சரத்தின் மாடவீதிகளில் கால்வைக்க இடமிராது. அறுபத்து மூன்று அடியார்களின் திருமேனிகள் பல்லக்குகளில் வரிசை வரிசையாய் வர, மயிலையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் திரண்டு நின்று அவ்வுலாவைக் காணும். விழா முடிந்து பந்தலும் பிரிக்கப்பட்டபின், அதே மாடவீதிகளில், விடியற்போதில், உலாக் கண்ட அதே மக்கள் கைவீசி நடப்பதைப் பார்க்கலாம். “எங்கே, இவ்வளவு காலையில்?” என்று எதிர்ப்படுவோர் வினவினால் வரும் மறுமொழி ஒன்றே: “வாக்கிங் போகிறேன்.” இறைவன் போனால் உலா, அடியான் போனால் ‘வாக்கிங்’! தெருவும் அதுவே, செயலும் அதுவே, மண்ணில் பதியும் காலடியும் தமிழன் காலடியே. அச்செயலைக் குறிக்கும் சொல் மட்டும் வேற்று மொழியிடம் கடனாகப் பெற்றது.

இது மயிலைக்கு மட்டும் உரிய கேடன்று. இலசு நாகேசுவரராவ் பூங்காவில் கேட்டாலும் இதுவே சொல். தியாகராயர் நகர் நடேசன் பூங்காவில் கேட்டாலும் இதுவே சொல். பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு ஞாயிறு எழுமுன் வந்து சேர்வோரும் இதனையே சொல்வர். அடையாற்றுக் கழிமுகத்தில் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்காவுக்குத் ‘தொல்காப்பியப் பூங்கா’ எனப் பெயர் சூட்டினர். கிடைத்துள்ள தமிழ் நூல்களுள் தொன்மை வாய்ந்த இலக்கணத்தின் பெயர் அது. பலகையில் தொல்காப்பியம், பலகையைக் கடந்து உள்ளே நடப்பவர் வாயில் ‘வாக்கிங்’. அந்தப் பலகைக்கும் அந்த வாய்க்கும் இடையே உள்ள தொலைவே இன்று தமிழுக்கும் தமிழனுக்கும் இடையே உள்ள தொலைவு.

“ஒரு சொல்தானே, போகட்டுமே! அதனால் தமிழ் குறைந்தா போய்விடும்?” என்பார் உளர். தமிழ்ப்பற்று உடையவர்களிலும் இவ்வாறு கேட்போர் உண்டு. அறிவியலுக்கும் சட்டத்திற்கும் மருத்துவத்திற்கும் வேண்டிய பெரிய பெரிய கலைச்சொற்களுக்காக அன்றோ பாடுபட வேண்டும், நடத்தல், ஓடுதல், போதல் என்னும் சின்னஞ்சிறு சொற்களுக்காகவா பாடுபடுவது என்பது அவர்கள் எண்ணம். உண்மை இதற்கு மாறானது. கலைச்சொல் பெரும்பாலும் ஒரு பொருளையே சுமப்பது. அதனை இழந்தால் இழப்பது ஒரு பொருளே. நாள்தோறும் நாவில் புரளும் சிறு வினைச்சொல்லோ நூறு பொருளைச் சுமப்பது. அது போனால் அதனோடு ஒரு குடும்பமே போகும்.

இதனை ஆங்கிலத்தைக் கொண்டே காட்டலாம். ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகரமுதலியின் முதற்பகுதி 1884-இல் வெளிவந்தது. இறுதிப்பகுதி 1928-இல் முடிந்தது. அதன் புதுப்பதிப்பிற்காக ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ என்னும் சொல்லை ஆய்ந்த தொகுப்பாளர்கள், வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் உள்ளன என 2011-இல் தெரிவித்தனர். மூன்றே எழுத்தில் அமைந்த சொல்லுக்கு அறுநூற்று நாற்பத்தைந்து பொருள்! அறிவியற் சொல் எதுவும் அதனருகில் நிற்க இயலாது. மாந்தன் முதலில் கற்ற சொற்கள் கைகால்களின் அசைவைக் குறித்தவை. பின்னர் கற்ற கருத்துகளையெல்லாம் அவன் அவற்றின்மீதே ஏற்றினான். ஆங்கிலத்துக்கும் இதுவே நெறி. தமிழுக்கும் இதுவே நெறி.

‘வாக்’ என்னும் சொல்லின் வரலாறும் அத்தகையதே. பழைய ஆங்கிலத்தில் அதன் முன்வடிவம் நடத்தலைக் குறிக்கவில்லை. உருளுதலையும் புரளுதலையும் குறித்தது. நெய்த துணியை நீரில் இட்டு மிதித்து இறுகச் செய்யும் தொழிலாளிக்கு ‘வாக்கர்’ என்னும் பெயர் வழங்கியது. அது இன்றும் ஆங்கிலேயரிடையே குடும்பப் பெயராக நிற்கின்றது. கி.பி. 1200-ஆம் ஆண்டளவில்தான் காலால் நடத்தல் என்னும் பொருள் அச்சொல்லில் காலூன்றியது. ஊன்றியபின் அது பலவாகக் கிளைத்தது. நாயை வெளியே கூட்டிச் செல்வதும் ‘வாக்’. பேய் உலவுவதும் ‘வாக்’. ஒருவர் செய்யும் தொழில்துறையும் ‘வாக்’. மட்டைப்பந்தாட்டத்தில் நடுவர் கைகாட்டும் முன்னரே தான் ஆட்டமிழந்ததை ஒப்பி ஆட்டக்காரன் வெளியேறுவதும் ‘வாக்’. முன்னொட்டும் பின்னொட்டும் சேர்ந்தபோது அதன் பொருள் மேலும் விரிந்தது.

அந்த ஆங்கிலச் சொற்குடும்பம் முழுவதும் இன்று சென்னைத் தெருக்களில் குடியேறியுள்ளது. வேலைக்கு ஆளெடுக்கும் விளம்பரத்தில் ‘வாக்-இன்’; பாண்டி அங்காடியில் நிற்கும் காவலர் கையில் ‘வாக்கி டாக்கி’; ஆடைக் காட்சியில் ‘கேட்வாக்’; எளிதில் வென்ற அணிக்கு ‘வாக்ஓவர்’; மாம்பலம் தொடர்வண்டி நிலையத்தையும் தியாகராயர் நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே 16-இல் திறக்கப்பட்ட 570 மாத்திரி நீளமுள்ள பாலத்துக்கு ‘இசுகைவாக்’. பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவதற்கு மயிலையில் ‘எரிட்டேசு வாக்’. தமிழன் காலை எடுத்து வைத்தாலே அங்கு ஓர் ஆங்கிலச் சொல் வந்து விழுகின்றது.

தமிழில் சொல் இல்லாத குறையாலா இவ்வளவும்? நட என்னும் ஒற்றை வேரைச் சற்றே தோண்டிப் பார்க்க வேண்டும். காலால் செல்வது நடை. ஒழுகும் முறை நடத்தை. எடுக்கும் செயல் நடவடிக்கை. செயற்படும் ஒழுங்கு நடைமுறை. இந்த ஆண்டு நடப்பாண்டு. மக்கள் வந்துபோவது நடமாட்டம். செய்யுளல்லாத மொழி உரைநடை. எழுதுவோர்தம் தனித்தன்மையும் நடையே. கோயில் வாயில் நடை. மயிலையில் உச்சிப்போதுக்குப் பின் சென்றவரிடம் “நடை சாத்தியாயிற்று” என்பர். பெருமிதமாய்ச் செல்வது பீடுநடை. உயிரிருந்தும் உணர்விழந்தவன் நடைபிணம். மணல் ஏற்றும் வண்டிக்காரன் “இன்று நான்கு நடை” என்று கணக்குச் சொல்வான். கடன் கேட்டு அலைந்தவன் “நடையாய் நடந்தேன்” என்பான். வேண்டாதவனை “நடையைக் கட்டு” என்பர். உலகில் நிகழ்வன யாவும் தமிழனுக்கு நடப்பனவே. “என்ன நடந்தது?” என்று அவன் கேட்கும்போது நிகழ்ச்சிக்கே கால் முளைத்துவிடுகின்றது.

இன்னும் ஒரு நுட்பம். ஆங்கிலேயன் கடையை ‘ஓட்டு’கிறான், பள்ளியை ‘ஓட்டு’கிறான், அரசையும் ‘ஓட்டு’கிறான், மேலே சொன்ன ‘ரன்’ என்னும் சொல்லே அவனுக்கு இதற்கும் உதவுகின்றது. தமிழனோ கடையை நடத்துகிறான்; பள்ளியை நடத்துகிறான்; குடும்பம் நடத்துகிறான். தமிழிலும் ஓட்டுதல் உண்டு. ஆனால் அதன் பொருள் வேறு. “குடும்பம் நடத்துகிறான்” என்றால் பொறுப்போடு வாழ்கிறான் என்பது. “குடும்பத்தை ஓட்டுகிறான்” என்றால் எப்படியோ காலந்தள்ளுகிறான் என்பது. ஒன்றில் ஒழுங்கு, மற்றொன்றில் தட்டுத்தடுமாற்றம். இவ்வேறுபாட்டை எந்த இலக்கண ஆசிரியரும் வகுத்துக் கொடுக்கவில்லை. எழுதப் படிக்க அறியாத தாய்மார் நாவில் அது நின்று வாழ்கின்றது. இயக்கச் சொற்களை இழப்பவன் இழப்பது ஒலியை அன்று. இத்தகைய நுண்ணிய அறிவை.

இவ்வறிவு நேற்றுத் தோன்றியதன்று. பெயர்ப்பலகையில் மட்டும் இன்று வாழும் தொல்காப்பியத்தைச் சற்றே திறந்தால் தெரியும். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு வினைகளைத் தொல்காப்பியர் ஓரிடத்தில் நிறுத்தி ஆராய்கின்றார். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று வரையறுக்கின்றார். யாரை நோக்கி அசைவு நிகழ்கின்றது என்பதைக் கொண்டு வினையைப் பிரித்த இலக்கணம் அது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். வழிநடக்கும் பாணர்க்கும் கூத்தர்க்கும் புலவர்க்கும் வழிகாட்டும் பாட்டுகள். சோழர் மூவரை ஒட்டக்கூத்தர் பாடியது உலா என்னும் தனி இலக்கிய வகை. நடத்தலுக்கென்றே இலக்கணமும் இலக்கியமும் கண்ட இனம் நடத்தலுக்குக் கடன்சொல் வாங்குவது, நெல் விளையும் ஊரான் அரிசிக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போன்றது.

இங்கே ஆங்கிலப் பற்றாளர் ஒரு வாதம் வைப்பர். “ஆங்கிலமே பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் பல்லாயிரம் சொற்களைக் கடன் வாங்கித்தானே வளர்ந்தது? தமிழ் மட்டும் ஏன் வாங்கக் கூடாது?” கேட்க நயமான வாதமே. ஆனால் கடன் வாங்கியவன் அதனை என்ன செய்தான் என்று பார்க்க வேண்டும். ஆங்கிலம் தான் வாங்கிய வினைகளைத் தன் ஈறுகளோடு சேர்த்துத் தன் வினையாகவே ஆக்கிக்கொண்டது. இறந்தகாலமும் நிகழ்காலமும் அவற்றின்மீது தன் முறைப்படி ஏற்றியது. தமிழில் நுழைந்த ஆங்கிலச் சொல் அவ்வாறு கலப்பதில்லை. ‘வாக்கினான்’, ‘வாக்குகிறாள்’, ‘வாக்குவர்’ என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. ‘வாக்கிங் போ’, ‘வாக் பண்ணு’ என்று ஒரு தமிழ் வினையின் தோளில் அது தொற்றிக்கொண்டே வர வேண்டும். தானாக நடக்க இயலாத ஒரு சொல்லை நடத்தலுக்குப் பெயராக வைத்துக்கொண்டது எவ்வளவு பெரிய வேடிக்கை!

கேடும் அங்கேதான் உள்ளது. தமிழின் உயிர் வினையில் உள்ளது. நட என்னும் வேர் நடந்தான், நடக்கிறாள், நடப்பர், நடவாது, நடத்தினர் என்று காலமும் பாலும் எண்ணும் இடமும் காட்டிக் கிளைக்கும்; பெயராகவும் பெயரெச்சமாகவும் பூக்கும். ‘வாக்கிங்’ கிளைக்காது, பூக்காது, அது பட்டமரம். அச்சொல் வந்து அமர்ந்தபின், நட என்னும் வினைக்கு அவ்விடத்தில் வேலையில்லை. போ என்பதும் பண்ணு என்பதும் மட்டும் எஞ்சும். நடத்தலுக்கு ‘வாக்கிங் பண்ணு’, சமைத்தலுக்கு ‘குக் பண்ணு’, ஓட்டுதலுக்கு ‘டிரைவ் பண்ணு’, உதவுதலுக்கு ‘எல்ப் பண்ணு’ என்று போனால், பல்லாயிரம் தமிழ் வினைகள் செய்த வேலையை ஒரே ஒரு பண்ணு செய்ய நேரும். பெயர்ச்சொல்லைக் கடன் வாங்குவது வீட்டுக்கு ஒரு நாற்காலி வாங்குவது. வினைச்சொல்லைக் கடன் வாங்குவது சொந்தக் காலை வெட்டிவிட்டு மரக்காலைப் பொருத்திக்கொள்வது.

இன்னொரு வாதம் உண்டு. அதில் சிறிது உண்மையும் உண்டு. “வயலுக்கும் அங்காடிக்கும் நடப்பது வேறு, நீரிழிவுக்கும் குருதிக்கொதிப்புக்கும் மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் மணிக்கணக்கு வைத்து நடப்பது வேறு. இப்புதுப் பழக்கத்திற்குப் புதுப்பெயர் வேண்டாவா?” என்பர். பழக்கம் புதிது என்பதை ஒப்பலாம். முன்னோர் உடல்நலத்துக்கென்று தனியே நடக்கத் தேவையில்லாதபடி அவர்தம் வாழ்க்கையே நடையாக இருந்தது. ஆயினும் பழக்கம் புதிதாவதால் சொல் அயலாக வேண்டும் என்பதில்லை. ஏட்டில் எழுத நடைப்பயிற்சி என்னும் சொல் ஏற்கெனவே உள்ளது. பூங்காப் பலகைகளில் அது ஏறியும் உள்ளது. பலகையில் ஏறியது வாயில் ஏறாமற் போனது ஏன் என்பதுதான் வினா.

விடை எளிது. பயிற்சி என்பது ஆசிரியன் சொல்லும் சொல்; பக்கத்து வீட்டாரிடம் சொல்லும் சொல் அன்று. வாய்க்கு வேண்டியது நீண்ட தொகைச்சொல் அன்று, கைக்கெட்டும் வினை. “குளிக்கப் போகிறேன்” என்பான் தமிழன். குளிப்பயிற்சிக்குப் போகிறேன் என்னான். அவ்வாறே “நடக்கப் போகிறேன்”, “நடந்துவிட்டு வந்தேன்”, “காலாற நடந்தால் நல்லது” எனலாமே! காலாற என்னும் அச்சொல்லின் அழகை என்னென்பது! நடத்தல் கால்களுக்கு ஓய்வு தருவது என்று கண்ட மொழி இது. இச்சொற்களை எந்தக் குழுவும் கூடி ஆக்க வேண்டியதில்லை. எந்த அரசும் ஆணையிட வேண்டியதில்லை. பாட்டி நாவில் இருப்பதைப் பெயரன் எடுத்துக்கொண்டால் போதும்.

தனித்தமிழ் அன்பர்கள் தம் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் அதன் துண்டுகளைத் தனித்தனியே பெயர்த்து ஒட்டவைக்கும் பழக்கம் பரவியுள்ளது. ‘கேட்வாக்’ என்பதைப் ‘பூனை நடை’ என்று பெயர்த்தனர். கப்பலிலும் பாலத்திலும் ஒருவர் மட்டும் ஒடுங்கிச் செல்லத்தக்க குறுகிய வழிக்கு, பூனைதான் அதில் நடக்கும் என்னும் கருத்தில், அப்பெயர் வந்தது. பெண்டிர் பூனைபோல் நடப்பதால் வந்ததன்று. அதைக் கண்ட தமிழ் இதழாளர் சிலர் ‘ஒய்யார நடை’ என்று எழுதினர், அதுவே சொல்லாக்கம். பொருளைப் பார்த்தவர்க்குச் சொல் கிடைத்தது. சொல்லைப் பார்த்தவர்க்குப் பூனை கிடைத்தது!

விண்வெளியிலும் இதே கதை. 1965 மார்ச்சு 18-இல் உருசியர் அலெக்சி இலியோனோவ் தம் விண்கலத்தினின்று வெளிவந்து ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்துளி வெட்டவெளியில் மிதந்தார். ஆங்கிலம் அதற்கு ‘வாக்’ என்றது. தமிழ் இதழ்களும் ‘விண்வெளி நடை’ என்றன. மண்ணும் இல்லை, காலூன்றவும் இல்லை; அங்கே நடை ஏது? அது விண்மிதப்பு. 1969 சூலையில் நிலவில் காலூன்றி ஆம்சுட்ராங்கு சென்றதே நடை. ஆங்கிலம் இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கியது அதன் வழக்கு. தமிழும் அடக்க வேண்டும் என்பது யார் வகுத்த நெறி? தியாகராயர் நகர்ப் பாலத்துக்கும் ‘ஆகாய நடைபாதை’ என்றும் ‘ஆகாய நடைமேம்பாலம்’ என்றும் எழுதினர். மேம்பாலம் என்றாலே அது மேலேதான் இருக்கும், மண்ணுக்குள் இராது. நடைமேம்பாலம் என்றால் நிறைந்தது. ஆங்கிலச் சொல்லில் வானம் இருந்தது என்பதற்காக ஆகாயம் என்னும் வடசொல்லைத் தூக்கி வந்து ஏற்ற வேண்டுமா? ஆங்கிலத்தை விரட்டப் போய் வடமொழிக்குக் கதவு திறந்ததே மிச்சம்.

இதற்கு மாறாக, வென்ற சொற்களைப் பார்க்க வேண்டும். சட்டமன்றத்தில் எதிர்ப்பைக் காட்டி உறுப்பினர் எழுந்து செல்வதை ஆங்கிலம் ‘வாக்அவுட்’ என்றது. தமிழ் வெளிநடப்பு என்றது. இன்று ஆங்கிலச் சொல்லைத் தேடும் தமிழ்ச் செய்தியாளர் இல்லை. 2023 சனவரி 9-இல் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையினின்று ஆளுநர் பாதியில் எழுந்து சென்றபோதும், தேநீர்க் கடையில் செய்தித்தாள் விரித்தவன் அச்சொல்லை அகரமுதலி இன்றியே படித்தான். ஏன் வென்றது? நாட்டு மக்கள் தம் கண்முன் தமிழிலேயே நிகழ்ந்த அரசியலுக்குத் தமிழிலேயே பெயரிட்டதால் வென்றது. செயல் தமரதாயின் சொல்லும் தமதாகும்.

பேருந்து என்பது இன்னொன்று. உந்து என்னும் பழந்தமிழ் வினையினின்று பிறந்து, இன்று சிற்றூர் நிறுத்தம் வரை எழுத்தில் ஏறிய சொல். நடைமேடை என்பது மாம்பலம் நிலையத்தில் நாள்தோறும் பல்லாயிரவர் கண்ணிலும் காதிலும் படுவது. கைபேசி என்பது எல்லாவற்றிலும் சிறந்த எடுத்துக்காட்டு. ஆங்கிலம் அக்கருவிக்கு ‘மொபைல்’ என்று பெயரிட்டது. அதுவும் ஓர் இயக்கச் சொல்லே. நகரக்கூடியது என்பது அதன் பொருள். தமிழ் அதைப் பெயர்க்கவில்லை. கருவி எங்கே இருக்கின்றது என்று பார்த்தது, கையில் இருந்தது, கைபேசி என்றது. அயலான் கண்ணால் பார்க்காமல் தன் கண்ணால் பார்த்தது. வென்ற சொல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்தப் பார்வை இருக்கும்; தோற்ற சொல் பலவற்றுக்கும் பின்னால் ஆங்கில அகரமுதலி இருக்கும்.

தமிழ் மீட்சி வரலாற்றிலேயே நடைக்கு ஓர் இடம் உண்டு. 1916-ஆம் ஆண்டு பல்லாவரத்தில் தம் இல்லத்துத் தோட்டத்தில் மறைமலையடிகள் மகளார் நீலாம்பிகையோடு உலவிக்கொண்டிருந்தபோது, வள்ளலார் பாடலொன்றில் உடலைக் குறிக்க வந்த வடசொல்லுக்கு மாற்றாக யாக்கை என்னும் தமிழ்ச்சொல் நின்றிருந்தால் எவ்வளவு இனிமையாய் இருக்கும் என்று எண்ணியதே தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்கம் என்பர். ஒரே ஒரு சொல்! “ஒரு சொல்தானே, போகட்டும்” என்று அன்று அடிகள் எண்ணியிருந்தால் இன்று இயக்கமும் இல்லை, இதழும் இல்லை. அது தோன்றியது ஓர் உலாவில் என்பதை ‘வாக்கிங்’ போகும் அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

இருபத்திரண்டு ஆண்டு கழித்து மற்றொரு நடை நிகழ்ந்தது. பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்து, 1938 ஆகசுட்டு 1-இல் திருச்சியினின்று தமிழர் பெரும்படை புறப்பட்டது. பட்டுக்கோட்டை அழகிரி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலியோர் அதில் நடந்தனர். ஊர் ஊராய்த் தங்கி, கூட்டம் நடத்தி, வெயிலிலும் மழையிலும் நடந்து, நாற்பத்திரண்டாம் நாளாகிய செப்டம்பர் 11-இல் அப்படை சென்னையை அடைந்தது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பெருங்கூட்டம் அவர்களை வரவேற்றது. அந்தக் கால்கள் தமிழுக்காகக் கொப்புளம் கண்டவை. அவை வந்து நின்ற அதே கடற்கரை மணலில், அவர்தம் பெயரர்கள் இன்று காலையும் மாலையும் நடக்கின்றனர்; நடப்பதை நடப்பது என்று சொல்ல நாணுகின்றனர். பிறமொழித் திணிப்பை நடந்து நடந்து எதிர்த்த மண்ணில், நடத்தல் என்னும் சொல்லே யாரும் திணிக்காமல் தானாக நழுவிப் போகின்றது. திணித்தால் எதிர்ப்பவன், நழுவும்போது உணர்வதில்லை. இதுவே இன்றைய கேட்டின் தன்மை.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய செயலன்று. வீட்டுக்குள் செய்ய வேண்டியது. தளர்நடைக் குழந்தைக்கு முன்பெல்லாம் மூன்று உருளை பூட்டிய மர நடைவண்டி வாங்கித் தருவர். குழந்தை அதைப் பிடித்துத் தள்ளித் தள்ளி நடை பயிலும். இன்று அவ்விடத்தில் ‘வாக்கர்’ வந்துவிட்டது. முதுமையில் கால் தளர்ந்தவர் பற்றிச் செல்லும் நாற்கால் சட்டத்துக்கும் ‘வாக்கர்’ என்றே பெயர். ஊன்றுகோலும் ‘வாக்கிங் சிடிக்கு’ ஆயிற்று. தமிழன் எடுத்து வைக்கும் முதலடியும் ஆங்கிலத்தில், இறுதியடியும் ஆங்கிலத்தில். இடையில் எடுத்து வைக்கும் அடிகளேனும் தமிழில் இருக்க வேண்டாவா?

குழந்தைக்கு வாங்கித் தரும் வண்டியை நடைவண்டி என்று தாய் சொல்லட்டும். பெரியவர் பற்றிச் செல்வதை நடைச்சட்டம் என்று மகன் சொல்லட்டும். காலையில் கதவைத் திறந்து புறப்படும் கணவன் “நடந்துவிட்டு வருகிறேன்” என்று மனைவியிடம் சொல்லட்டும். பூங்காவில் எதிர்ப்படும் நண்பரிடம் “நடை முடிந்ததா?” என்று கேட்கட்டும். ஆசிரியர் மாணவர்க்குப் பழம்பொருள் காட்டச் செல்லும்போது “மரபு உலா” என்று அறிவிக்கட்டும். கேட்பவர் முதல்நாள் நகைப்பர், மறுநாள் வாளாவிருப்பர், மூன்றாம் நாள் தாமும் சொல்வர். பேருந்து என்பதைக் கேட்டும் முதலில் நகைத்தவர் உண்டு. இன்று அவர் மக்கள் அதனை எழுதித்தான் தேர்வில் மதிப்பெண் பெறுகின்றனர்.

நடைவண்டியைப் பிடித்த குழந்தை விழும், அழும், மீண்டும் எழும், பிறகு ஒருநாள் வண்டியை விட்டுவிட்டுத் தன் காலால் நடக்கும். அந்நாளில் வீடே கூடி மகிழும். ‘போ’, ‘பண்ணு’ என்னும் வண்டிகளைப் பிடித்துக்கொண்டு அயற்சொல்லால் தள்ளாடும் தமிழனும் ஒருநாள் அவ்வாறு தன் வினையால் தானே நடக்க வேண்டும். பங்குனியில் கபாலீச்சரத்தான் மாடவீதியில் மீண்டும் உலா வருவான். அவனைக் கண்டு வீடு திரும்பும் அடியான், அடுத்த நாள் காலை அதே தெருவில் நடக்கட்டும். நடந்தேன் என்றே சொல்லட்டும்.